மாப்பிள்ளை வீட்டாரை அடைத்து வைத்த கதை

கல்யாண வயதில் பெண் இருக்கிறவனுக்கு, மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள் என்ற செய்தி வந்த நிமிஷத்திலிருந்து தன் வீடு தன் வீடாகத் தெரியாது. அதுவரைக்கும் சுவரில் இருந்த விரிசல் வெறும் விரிசல். இப்போது அது நம் குடும்பத்தைப் பற்றிப் புகார் சொல்லத் தயாராக நிற்கும் சாட்சி. ஆடுகிற நாற்காலி, கறுத்துப்போன சுவிட்சு, தண்ணீர் சொட்டும் குழாய் எல்லாம் ஒன்றுகூடி நமக்கு எதிராகத் திரண்டுவிடும்.

என் வீட்டில் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவை ஜன்னல்கள்.

அரியலூரில் புறவழிச்சாலையை ஒட்டி எங்கள் வீடு. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் பகலெல்லாம் போய் வந்துகொண்டிருக்கும். மரம் காய்ந்து சுருங்கியதில் எந்த ஜன்னல் கதவும் அதன் நிலையோடு பொருந்தாது. விரல் நுழைகிற இடுக்கு. அந்த இடுக்கு வழியாக ஆடிக் காற்று சீட்டி அடித்துக்கொண்டு உள்ளே வரும், வரும்போது கூடவே சாலையையும் அழைத்து வரும். காலையில் துடைத்த டிவி மீது மத்தியானம் பெயர் எழுதலாம். இத்தனை வருஷமாக அந்த மண்ணைச் சாப்பிட்டு, சுவாசித்து, அதன் மேலேயே படுத்துத் தூங்கியவர்கள்தான் நாங்கள். அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை, தரகர் கலியபெருமாள் போன் செய்கிற வரைக்கும்.

“அண்ணே, பெரம்பலூர் பார்ட்டி ஆவணி பொறந்ததும் வர்றாங்க. பையன் தங்கம். அப்பா ரிட்டயர்டு வாத்தியாரு, வாயத் தொறக்க மாட்டாரு. அந்தம்மாதான்...” என்று இழுத்தார்.

“அந்தம்மாவுக்கு என்ன கலியபெருமாளு?”

“தூசி ஆகாதாம்ண்ணே. உங்க ஊருலயே இதுக்கு முன்னாடி ஒரு பொண்ணப் பாத்தாங்க. பொண்ணு மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருந்துச்சு. அந்த வூட்டுத் தூசி ஒத்துக்கலன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் சொல்றதச் சொல்லிட்டேன்.”

வேறு இடமாக இருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் இந்த இடம் என் மகள் கயல்விழிக்குப் பிடித்திருந்தது. அவள் நர்ஸ். வருகிற வரன்களை எல்லாம் ஊசி போடுவதற்கு முன்னால் நரம்பைத் தேடுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வேணாம்ப்பா” என்று திருப்பி அனுப்புகிறவள். ஒருவருக்கு மீசை சரியில்லை, ஒருவருக்குப் பேச்சு சரியில்லை. பெரம்பலூர் பையன் அருணின் போட்டோவை மட்டும் குறை சொல்லாமல் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த போட்டோ எங்கப்பா?” என்று தானாக வந்து கேட்டாள். என் மனைவி தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். அதற்கு மேல் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆக, என் மகளின் கல்யாணத்துக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது ஒரு விரல் அகல இடுக்கு. அதை அடைத்துவிட்டால் முடிந்தது.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. (வழக்கம் என்று நான் சொல்கிறேன். தேன்மொழி ‘வியாதி’ என்பாள்.) பயம் வந்துவிட்டால் கடைக்குப் போய் எதையாவது வாங்கிவிடுவேன். ஹார்டுவேர் கடைக்காரர் முதலில் ஜன்னல் ஓரத்தில் ஒட்டுகிற ரப்பர் பீடிங் எடுத்துப் போட்டார். பிறகு சிலிக்கான் பசைக் குழாயும், அதைப் பீய்ச்சுகிற துப்பாக்கியும். கடைசியாக ஒரு டப்பா. ஃபோம் ஸ்ப்ரே. “அடிச்சீங்கன்னா நுரையா வந்து, உப்பி, கல்லு மாதிரி எறுகிடும் சார். ஒரு எறும்பு போவாது. ஒண்ணு போதும்” என்றார். ‘ஒண்ணு போதும்’ என்று யார் சொன்னாலும் என் காதில் அது சிக்கனம் பிடிக்கிற பேச்சாகத்தான் விழும். அட்டைப்பெட்டியோடு வாங்கி வந்தேன்.

நான் உரக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு, “டப்பாவுல என்ன போட்டிருக்கோ அதப் படிச்சுட்டு அடிங்கய்யா, உங்க இஷ்டத்துக்கு ஊத்தாதீங்க” என்று தினமும் பாடம் எடுக்கிறவன். அந்த ஃபோம் டப்பாவிலும் பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. படிக்கவில்லை.

மறுநாள் கடைக்கு விடுமுறை. ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு ஜன்னல் ஓரமாகவும் மெதுவாகக் கொண்டுபோனேன். புகை நேராகப் போனால் இடுக்கு இல்லை, ஆடினால் இருக்கிறது. (இந்த உத்தி செல்போன் வீடியோவில் கற்றது.) தேன்மொழி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, ஜன்னலுக்கெல்லாம் பூசை பண்றீங்க?”

“காத்து எங்க வருதுன்னு பாக்குறேன்.”

“கல்யாணமாகி வந்ததுலேருந்து சொல்லிட்டு இருக்கேன், எல்லா எடத்துலயும் வருதுன்னு. அதுக்கு ஒரு ஊதுவத்தி வேற.”

எல்லா இடத்திலும்தான் வந்தது. அடித்தேன். ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் அடித்தேன். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் அடித்தேன். அங்கே அடித்தால் அந்த ஜன்னல் இனிமேல் திறக்காது என்பது, அடித்து முடித்துத் திறந்து பார்த்தபோதுதான் எனக்குத் தோன்றியது. நுரை முதலில் தயிர் மாதிரி சாதுவாக இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், இட்லி மாவை வெளியில் மறந்துவிட்டுப் போன வீடு மாதிரி எல்லா ஜன்னலும் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கையில் ஒட்டியது, சட்டையில் ஒட்டியது, தலையில் ஒரு பக்கம் ஒட்டி அங்கேயே இறுகியது. நீட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் தேன்மொழியின் அரிவாள்மனையைக் கழற்றி அறுத்தேன். (அது பற்றி வீட்டில் தனியாக ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. அது இங்கே வேண்டாம்.)

கொல்லைக் கதவையும் விடவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் கொல்லைப்பக்கம் எதற்குப் போகப்போகிறார்கள் என்று மொத்தமாக அடைத்துவிட்டேன். ஹாலுக்கு மட்டும் ஓர் ஏசி வாங்கி மாட்டினேன். கயல் வேலையிலிருந்து வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அப்பா, இது வூடா, இல்ல ஆபரேஷன் தியேட்டரா?” என்றாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. காலையில் வாசல் கதவைச் சாத்திப் பார்த்தேன். கீல் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு வெளிச்சக் கோடு. எல்லாவற்றையும் அடைத்தவன் வாசலை விட்டிருக்கிறேன். அதே நேரம் போன், “பைபாஸ் வந்துட்டோங்க.” பயம் வந்துவிட்டால் நான் யோசிக்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். மீதமிருந்த டப்பா முழுவதையும் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் நாலு பக்கமும் காலி செய்தேன்.

வந்தார்கள். அருண், அவன் அப்பா, அம்மா. காரை வேப்பமர நிழலில் நிறுத்திக்கொண்டிருந்தவர் தாய்மாமன், உடையார்பாளையத்துக்காரர், முந்திரி வியாபாரி. அந்த அம்மாவின் ஒரே அண்ணன். அவர் தலையாட்டாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது என்று கலியபெருமாள் ஏற்கனவே எச்சரித்திருந்தார். மூன்று பேரும் உள்ளே வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து ஒரு லாரி, பின்னாலேயே வெள்ளையாக ஒரு புழுதி மண்டலம். நான் பாய்ந்துபோய்க் கதவைத் தோள் கொடுத்து ஓங்கிச் சாத்தினேன். ‘பச்சக்’ என்று சாத்திக்கொண்டது. எவ்வளவு திருப்தியான சத்தம் தெரியுமா அது.

தாய்மாமன் வெளியே இருக்கிறார் என்பதை, மன்னிக்கவும், நான் மறந்தே போய்விட்டேன்.

ஏசி ஓடியது. கயல் காபி கொண்டுவந்தாள். அருண் காபியைப் பார்க்காமல் அவளைப் பார்த்து டம்ளரை எடுத்ததில் கொஞ்சம் வேட்டியில் கொட்டிக்கொண்டான். நல்ல சகுனம். வாத்தியார் கேசரியில் ஒரு துளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அவ்வளவுதான். காபி, பலகாரம் வரைக்கும் தொடுவார்கள். சாப்பாட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம், ஆகவே முடிவாகும்வரை அந்தக் காபியோடு எழுந்து போய்விடுவார்கள். அப்படியும் தேன்மொழி உள்ளே சாம்பார், வத்தக்குழம்பு, ரெண்டு பொரியல், பாயசம் என்று சமைத்துதான் வைத்திருந்தாள். பெண்ணைப் பெற்றவள் அப்படித்தான் சமைப்பாள்.

அந்த அம்மாள் தும்மவில்லை. நான் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். (அவரும் அதைக் கவனித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.)

அப்போதுதான் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம் தெரிந்தது. வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. கை ஆடியது. ஏசி இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அடைப்பு அத்தனை நேர்த்தி. நான் எழுந்து மரியாதையாகக் கும்பிட்டேன். அந்த முகம் இன்னும் சிவந்தது.

“அய்யய்யோ, அண்ணன்” என்றார் அந்த அம்மாள்.

கதவிடம் போனேன். இழுத்தேன். வரவில்லை. சுவரில் காலை வைத்து இழுத்தேன். கைப்பிடி மட்டும் தனியாக என் கையோடு வந்தது. அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு திரும்பிவந்து, “மாமா போன் பேசிட்டு இருக்காங்க. முடிச்சுட்டு வரட்டும்” என்று சொல்லி உட்கார்ந்தேன். வெளியே மாமா ஜன்னலை இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ஏசி நின்றது. ஃபேன் நின்றது. ஏற்கனவே சிலிக்கான் நெடி. ஆவணி மாதம், உச்சி வெயில், ஓர் எறும்பு போகாத வீடு. வாத்தியார் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். தேன்மொழி என்னைப் பார்த்த பார்வையில் தனியாக ஒரு வெப்பம் இருந்தது. இனி மறைக்க முடியாது என்று மடியிலிருந்து கைப்பிடியை எடுத்து டீப்பாயின் மேல் வைத்தேன்.

“கதவு ஒட்டிகிச்சுங்க” என்றேன்.

“கொல்லப்பக்கம்?” என்றான் அருண்.

“அது ஆடியிலயே ஒட்டிகிச்சு.”

அருண் மாமாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கர் போடாமலே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“எங்கள உள்ள வச்சு கதவு ஒட்டிகிச்சு மாமா. நீங்க வெளியேர்ந்து கொஞ்சம் தள்ளுங்க.”

“நான் எதுக்குடா தள்ளணும்? என் மொகத்துல அடிச்ச மாரி கதவச் சாத்துனவன் வந்து தொறக்கட்டும். தாய்மாமன வாசல்ல நிறுத்திட்டுப் பொண்ணு பாக்குற வூட்ட இன்னிக்குத்தான் பாக்குறேன். கார எடுத்துட்டு நான் போறேன்.”

போன் வைக்கப்பட்டது. அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது. கயல் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதைச் சொல்கிறேன். அந்த அட்டைப்பெட்டியில் ஒரு டப்பா மிச்சமிருந்தால், அதை என் வாயில் அடித்துக்கொண்டிருப்பேன்.

கயல் நிமிர்ந்தது எங்களைப் பார்க்க அல்ல, வாத்தியாரைப் பார்க்க. அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, கை லேசாக நடுங்கியது.

“உங்களுக்குச் சுகர் இருக்கா மாமா?”

“இருக்கும்மா. மாத்திரை போட்டுட்டேன். உடையார்பாளையத்துல போயி சாப்பிடுறதா...”

அவ்வளவுதான், காபி கொண்டுவந்த பெண் காணாமல் போய், வார்டு நர்ஸ் எழுந்து நின்றாள். “சுகர் எறங்கிடுச்சு” என்று பாயசத்தில் ஒரு டம்ளர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துக் குடிக்க வைத்தாள். பிறகு, “வெறும் வயித்துல இருக்கக் கூடாது. சாதம் போடுறேன், சாப்பிடுங்க” என்றாள்.

வாத்தியார் தயங்கினார். மனைவியைப் பார்த்தார். சுகரா, சம்பிரதாயமா என்ற போராட்டம் அந்த நல்ல மனிதரின் முகத்தில் அப்பட்டமாக நடந்தது. நிலைமையைச் சமாளிக்க வேண்டுமே என்று நான் நடுவில் புகுந்து, “ஸ்பூன் தரேங்க. ஸ்பூன்ல சாப்பிட்டாக் கணக்குல வராது” என்றேன்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன்” என்றாள் தேன்மொழி.

கயல் பொறுமையாகச் சொன்னாள். “மாமா, இத யாரும் கை நனைச்சதா எடுத்துக்க மாட்டோம். மருந்துன்னு நெனச்சுச் சாப்பிடுங்க. நாளைக்கு நீங்க வேணாம்னு சொன்னாலும் நாங்க வருத்தப்பட மாட்டோம்.”

அந்த அம்மாள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“மருந்துன்னு எதுக்கும்மா சாப்பிடணும்? எங்க எல்லாருக்கும் சேத்தே இலையப் போடு. நல்லாவே கை நனைக்கிறோம்.”

தேன்மொழி உள்ளே ஓடினாள். பாத்திரம் இரண்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

வத்தக்குழம்பு இரண்டாவது முறை போய்க்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெரிய சத்தம். மாமா போகவில்லை. கோபத்தில் காரை எடுக்கப் போனவர், தங்கச்சி உள்ளே வேகிறாள் என்ற நினைப்பு வந்து, ஒரு லாரியை மறித்து டிரைவரையும் கடப்பாரையையும் கூட்டி வந்திருக்கிறார். மறுபடி ஒரு சத்தம். என் வாழ்நாள் சாதனையான அந்தக் கதவு நிலையோடு சேர்த்துக் கொஞ்சம் சுவரையும் பிடுங்கிக்கொண்டு திறந்தது. முதலில் கடப்பாரை வந்தது, பின்னாலேயே மாமா வந்து குப்புற விழுந்தார். அவருக்குப் பின்னால், நான் ஆடி முழுக்க வெளியே நிறுத்திவைத்த மொத்தப் புழுதியும் ஒரே மூச்சில் உள்ளே வந்தது.

நான் மாமாவைத் தூக்கினேனா? இல்லை. தோளில் இருந்த ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு பாய்ந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாளின் முகத்தில் அப்படியே பொத்தினேன்.

“அட, என்னங்க பண்றீங்க” என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“உங்களுக்குத் தூசி ஆகாதுன்னு தரகர் சொன்னாருங்க.”

அவர் துண்டை விலக்கினார். முகத்தில் ஒரு பக்கம் வத்தக்குழம்பு. முதலில் புரியாமல் விழித்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் இலையைப் பார்த்தார்.

“அது ஒண்ணுமில்லீங்க. முன்னாடி பாத்த எடத்துல பேச்சு புடிக்கல. புடிக்கலன்னு மொகத்துக்கு நேரா சொல்ல முடியுமா? தூசி ஒத்துக்கலன்னு சொல்லிட்டு வந்துட்டோம்” என்றார் அந்த அம்மாள் மெதுவாக. “எங்க வூட்டுக்குப் பக்கத்துலயே நெல்லு மிஷினு. நான் பொறந்ததே தவிட்டுலதான்.”

எனக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. அதற்குள் மாமா எழுந்து அதில் உட்கார்ந்துவிட்டார். தலைமுதல் கால்வரை வெள்ளை, கண் இரண்டு மட்டும் சிவப்பு. இலைகளைப் பார்த்தார். தங்கச்சியின் கையைப் பார்த்தார்.

“ஆக, கை நனைச்சாச்சு. என்னைய விட்டுட்டு.”

மாமா எழுந்தார். ஜன்னல் ஜன்னலாகப் போய், அறுத்தும் அறுக்காமலும் பிதுங்கிக்கொண்டிருந்த நுரையைக் குத்திக் குத்திப் பார்த்தார். கொல்லைக் கதவு வரைக்கும் போய்த் திரும்பிவந்து என் முன்னால் நின்றார். என் தலையில் ஒட்டியிருந்த கட்டியையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“இத்தனையும் எதுக்குய்யா செஞ்ச?”

கயல்தான் சொன்னாள். “எங்கப்பாவுக்கு என்னைய வெளிய அனுப்ப மனசில்லீங்க மாமா. வாயால சொல்லத் தெரியல. அதான் வூட்டையே அடைச்சு வச்சுட்டாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிப்பதற்குத்தான் சொன்னாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. (சிலிக்கான் நெடி கண்ணைக் கரித்தது.)

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் ஒரே மகள், கட்டிக்கொடுத்துவிட்டார் என்று பிறகுதான் தெரியும். “யோவ் சம்பந்தி, ஒரு சொம்பு தண்ணி குடு, கை கழுவணும்” என்றார். ‘சம்பந்தி’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் தேன்மொழி அழுதுவிட்டாள். மாமாவோடு லாரி டிரைவருக்கும் ஓர் இலை போட்டோம். அவர்தான் பாயசத்தை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டவர்.

தை மாதம் கல்யாணம். மண்டப வாசலில் சந்தனம் தெளிக்கிற இடத்தில் மாமா நின்றுகொண்டு, ஃபோம் டப்பா இருக்கிறதா என்று பெண்ணின் அப்பாவாகிய என் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். கயல் பெரம்பலூர் போனாள். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அப்பன்காரன் நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது. ஏதாவது காரியம் வேண்டும். நானும் கடையில் உட்கார்ந்து காரியம் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சம்பந்தியம்மாள் போன் செய்தார்.

“சம்பந்தி, எங்க வூட்டு ஜன்னல்ல இடுக்கு விட்டுப் போச்சு. காத்து வருது. வந்து அடைச்சுக் குடுங்களேன்.”

துப்பாக்கியும் சிலிக்கானுமாக பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் புது அலுமினிய ஜன்னல். ஊதுவத்திப் புகை நூல் பிடித்த மாதிரி நின்றது. கயல் சமையலறை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார், “இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார். அதிலிருந்து அந்த வீட்டில் யாருக்கு என்னைப் பார்க்கத் தோன்றினாலும் ஜன்னல்தான் கெடும்.

போன மாதம் உடையார்பாளையத்திலிருந்து மாமா கூப்பிட்டார். முந்திரிக் கொட்டாயில் காற்று தாங்கவில்லை, உடனே வந்து அடைத்தே ஆக வேண்டும் என்றார். போனேன். தோப்புக்கு நடுவில் நாலு தூண், மேலே தகரம். ஜன்னல் இல்லை, கதவு இல்லை, சுவரே இல்லை. கீழே எல்லோருக்கும் இலை போட்டிருந்தது. கயலும் அருணும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் துப்பாக்கியைத் தூணோரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.